மூவாயிரம் டாக்டர்கள்... கதவுக்கு வெளியே பெண்கள்!

வீட்டில் ஒரு கல்யாணத்தை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த வேலை நிஜமாகவே கஷ்டம் என்று. மண்டபம் பிடித்துவிடலாம். சமையலுக்கு ஆள் சொல்லிவிடலாம். யாரை அழைப்பது, யாரை விடுவது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை எந்த வரிசையில் உட்கார வைப்பது? இந்த யோசனையில்தான் தூக்கம் போகும்.

இதையே கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். விருந்தினர்கள் மூவாயிரம் பேருக்கு மேல். அத்தனை பேரும் டாக்டர்கள், விஞ்ஞானிகள். பல நாடுகள், பல மொழிகள். அதில் இரண்டு நாடுகள் பத்து வருடத்துக்கு முன்புதான் போர் புரிந்து, ஒன்றின் மண்ணை மற்றது பிடுங்கிக்கொண்டவை. இமெயில் இல்லை, வாட்ஸ்அப் குரூப் இல்லை. டெலிபோன் அப்போதுதான் லண்டனில் எட்டிப் பார்த்திருந்தது. கடிதம், தந்தி, ரயில், கப்பல்... இவ்வளவுதான் கையில்.

வருடம் 1881. இடம் லண்டன். நிகழ்ச்சி, ஏழாவது சர்வதேச மருத்துவ மாநாடு. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அங்கே கதவு திறந்த இடத்தில் எல்லாம் மருத்துவம் ஒரு அடி முன்னே போனது. மூடிய இடத்தில் என்ன ஆனது என்பதையும் பார்ப்போம்.

எதற்காகக் கூடினார்கள்?

அந்தக் காலத்தில் காலராவுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. கப்பல் போகும் இடமெல்லாம் கூடவே போனது. டாக்டர்களின் அறிவு மட்டும் அந்தந்த நாட்டு எல்லைக்குள் நின்றது. பாரிஸில் ஒருவர் கண்டுபிடித்ததை பெர்லினில் இருப்பவர் நம்ப மாட்டார். பெர்லினில் எழுதியதை லண்டனில் பலர் படிக்கவே மாட்டார்கள்.

இதை உடைக்கத்தான் 1867-ல் பாரிஸில் முதல் சர்வதேச மருத்துவ மாநாட்டைக் கூட்டினார்கள். அந்த வருடம் அங்கே உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எப்படியும் ஊர் உலகமெல்லாம் பாரிஸுக்கு வரும், டாக்டர்களும் வரட்டுமே என்ற கணக்கு. பிறகு ஃபுளோரன்ஸ், வியன்னா, பிரஸ்ஸல்ஸ், ஜெனிவா, ஆம்ஸ்டர்டாம் என்று ஊர் ஊராக நகர்ந்தது. 1881-ல் லண்டனின் முறை.

மாநாட்டுத் தலைவர் சர் ஜேம்ஸ் பாஜெட். எலும்பைத் தாக்கும் ஒரு நோய் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆனால், ஓடி ஆடி வேலை பார்த்தவர் வேறொருவர். செயலாளர் வில்லியம் மெக்கார்மக். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த அறுவை சிகிச்சை நிபுணர். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வேலை.

இவரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, தொண்டர் மருத்துவக் குழு ஒன்றுடன் செடான் போர்க்களத்துக்குப் போனவர் மெக்கார்மக். குண்டடி பட்டு வந்தவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காமல் கத்தியை எடுத்தவர். மருந்து, கட்டில், ஆள், வண்டி எல்லாவற்றுக்கும் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் ஒரு மருத்துவமனையை ஓட்டிய அனுபவம். மாநாடு நடத்த இதைவிடப் பெரிய பயிற்சி ஏது?

பதினைந்து அறைகள், மூன்று மொழிகள்

மூவாயிரம் பேரை ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஒரு வாரம் பேசினால் யாருக்கும் எதுவும் ஏறாது. அதனால் மாநாட்டைப் பதினைந்து பிரிவுகளாகப் பிரித்தார்கள். உடற்கூறு ஒரு பிரிவு, அறுவை சிகிச்சை ஒரு பிரிவு, குழந்தை நோய், மனநோய், கண், காது, தோல், பல், ராணுவ மருத்துவம், பொது சுகாதாரம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. பிக்காடிலி பகுதியில் பர்லிங்டன் ஹவுஸ் என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. அறிவியல் சங்கங்கள் குடியிருக்கும் இடம். பிரிவுக் கூட்டங்கள் பெரும்பாலும் அதிலும் அக்கம்பக்கத்திலும் நடந்தன. எல்லாரும் ஒன்றுசேரும் பொதுக்கூட்டத்துக்கு, கச்சேரிகள் நடக்கும் செயின்ட் ஜேம்ஸ் ஹால். மைக் கிடையாது. குரல் எட்டும் வரைதான் பேச்சு.

மொழிதான் பெரிய தலைவலி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு உடனுக்குடன் மொழிபெயர்ப்பு கேட்பதெல்லாம் இருபதாம் நூற்றாண்டு சமாசாரம். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் மாநாட்டு மொழிகள் என்று வைத்தார்கள். யார் என்ன பேசப்போகிறார் என்பதன் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கி, அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். பேச்சு புரியாவிட்டாலும் தாளைப் பார்த்துப் பின்தொடரலாம். இன்றைக்கு எந்த மருத்துவ மாநாட்டுக்குப் போனாலும் பையில் போட்டுத் தருகிறார்களே ஒரு சுருக்கத் தொகுப்பு, அதே ஏற்பாடு.

எவ்வளவு திட்டம் போட்டாலும் விதி குறுக்கே வரும். பிரான்சின் மாரிஸ் ரேனோ பொதுக்கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். குளிரில் விரல்கள் வெளுத்துப்போகும் கோளாறு அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் கடைசியில், அவர் காலமாகிவிட்டார். எழுதி வைத்திருந்த உரையை அவருக்குப் பதிலாக இன்னொருவர் வாசித்தார். அரங்கம் இறந்துபோன மனிதரின் பேச்சைக் கேட்டது.

யாருக்கு அந்தக் கைதட்டல்?

தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு வந்தார். பிரஷ்ய பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கும் வந்தார். இங்கேதான் பங்காளிச் சிக்கல். பிரான்சிலிருந்து வந்திருந்தவர் லூயி பாஸ்டர். 1870 போரில் தன் நாடு தோற்றதும், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் முன்பு கொடுத்திருந்த கௌரவ டாக்டர் பட்டத்தைத் திருப்பி அனுப்பியவர். அந்தக் காயம் ஆறவே இல்லை. அவரும் பிரஷ்ய இளவரசரும் ஒரே கூடத்தில்!

பாஸ்டர் அரங்கில் நுழைந்து மேடையை நோக்கி நடந்தபோது கைதட்டல் கிளம்பியது. இளவரசர் வந்துவிட்டார் போலிருக்கிறது, நாம் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று அவர் பதறினாராம். பக்கத்தில் இருந்த பாஜெட் சிரித்துக்கொண்டே சொன்னார்: கைதட்டல் உங்களுக்குத்தான்.

பாஸ்டர் அந்த மாநாட்டில் பேசியது அடைப்பான் நோயைப் பற்றியும் கோழிக் காலராவைப் பற்றியும். வீரியம் குறைத்த கிருமியை முன்பே செலுத்திவிட்டால் நோய் அண்டாது என்பதுதான் அவர் வாதம். சில வாரங்களுக்கு முன்புதான் பிரான்சில் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஊரறிய இதைச் செய்து காட்டியிருந்தார். ஊசி போட்ட மந்தை பிழைத்து நின்றது. போடாத செம்மறிகள் விழுந்தன.

லண்டனில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். ‘வாக்சின்’ என்ற சொல் அதுவரை பசு அம்மையிலிருந்து எடுத்த அம்மைத் தடுப்புக்கு மட்டும்தான். லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. இங்கிலாந்துக்காரர் எட்வர்டு ஜென்னர் 1796-ல் தொடங்கி வைத்தது. ஜென்னருக்குச் செய்யும் மரியாதையாக, இனி இப்படிப்பட்ட எல்லாத் தடுப்பு முறைக்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்டர். போலியோவுக்கும் கொரோனாவுக்கும் போட்டுக்கொண்ட ஊசியை நாம் ‘வாக்சின்’ என்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு விதை அங்கே போட்டது.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம்

மேடைப் பேச்சுகளைவிடப் பெரிய காரியங்கள் சின்ன அறைகளில் நடந்தன. இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, மூளையைப் பற்றிய சண்டை. மூளையில் கையை அசைக்க ஓர் இடம், காது கேட்க ஓர் இடம் என்று தனித்தனியாக உண்டா, இல்லை மூளை முழுவதும் சேர்ந்துதான் எல்லா வேலையும் செய்கிறதா? ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து வந்த கோல்ட்ஸ், தனி இடமெல்லாம் கிடையாது என்றார். மூளையின் மேற்பகுதியை நிறையவே எடுத்த பிறகும் நடமாடிய ஒரு நாயைக் காட்டினார். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டேவிட் ஃபெரியர், உண்டு என்றார். அவர் கூட்டி வந்தது குரங்குகளை.

அதில் ஒன்றுக்கு மூளையின் இடப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. அது வலது கையையும் காலையும் இழுத்துக்கொண்டு நடந்து வந்தது. பக்கவாதம் வந்தவர் நடக்கிற அதே நடை. பார்த்துக்கொண்டிருந்த பாரிஸ் நரம்பியல் நிபுணர் ஷார்கோ, இது ஒரு நோயாளி என்று வியந்து சொல்லிவிட்டார். இன்னொரு குரங்கின் அருகில் பட்டென்று ஒரு வெடிச்சத்தம் எழுப்பினார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்கும் இடம் போய்விட்டிருந்தது.

வருடக்கணக்கில் கட்டுரைகளில் நடந்த சண்டையில், ஒரே பகலில் தராசு ஃபெரியர் பக்கம் சாய்ந்தது. ஆனால், அதற்கு அந்த ஜீவன்கள் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. அப்போதே பலர் கொதித்தார்கள். சில மாதங்களில், விலங்குவதைத் தடைச் சட்டத்தின் கீழ் ஃபெரியர் மீது லண்டனில் வழக்கு வந்தது. அறுவையைச் செய்தவர் உரிமம் பெற்றிருந்த அவருடைய சக பேராசிரியர்தான் என்று தெரியவந்து, வழக்கு தள்ளுபடி ஆனது. 1884 நவம்பரில் லண்டனில் ஒரு நோயாளியின் கைகால் அறிகுறிகளை மட்டும் வைத்து, மூளையில் கட்டி இருக்கும் இடத்தைக் கணித்து, மண்டையைத் திறந்தார்கள். கட்டி சொன்ன இடத்தில் இருந்தது. தொற்று ஏற்பட்டு நோயாளி சில வாரங்களில் இறந்துபோனார் என்றாலும், மூளை அறுவை சிகிச்சைக்கு அது ஒரு பெரிய வாசல். ஸ்கேன் இல்லாத காலம் அது!

இரண்டாவது, கிங்ஸ் கல்லூரியில் ஜோசப் லிஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஜெர்மனியிலிருந்து ராபர்ட் கோச் வந்திருந்தார். வயது 37. கொஞ்ச காலம் முன்புவரை ஒரு சிற்றூரில் அரசாங்க டாக்டராக இருந்தவர். அவர் கொண்டுவந்தது ஒரு கண்ணாடித் தட்டு. அதில் உறையவைத்த ஜெலட்டின்.

இதில் என்ன விசேஷம்? அதுவரை கிருமிகளை வளர்க்கப் பெரும்பாலும் இறைச்சிச் சாறு போன்ற திரவத்தைத்தான் பயன்படுத்தினார்கள். திரவத்தில் பத்து வகைக் கிருமி விழுந்தால் பத்தும் கலந்துவிடும். எந்தக் கிருமி எந்த நோய்க்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? பழைய ரொட்டியில் பூசணம் பூத்துப் பார்த்திருப்பீர்கள். பச்சை ஒரு வட்டம், வெள்ளை ஒரு வட்டம் என்று தனித்தனியாக நிற்கும். கெட்டியான பரப்பில் கிருமிகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே பெருகும். வேண்டியதை மட்டும் ஊசி முனையால் தொட்டு எடுத்துவிடலாம்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாஸ்டரும் ஒருவர். ஜெர்மன்காரர் என்றாலே முகம் சுளிப்பவர். அவரே கோச்சிடம், இது பெரிய முன்னேற்றம் என்று சொன்னார். அடுத்த வருடமே, 1882 மார்ச் 24 அன்று, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் கோச் அறிவித்தார். பாஸ்டரும் கோச்சும் அதற்குப் பிறகு நண்பர்கள் ஆகிவிடவில்லை. சொல்லப்போனால், பகை இன்னும் முற்றியது. இருந்தாலும் லண்டனில் அந்த அறைக்கதவு எல்லாருக்கும் திறந்திருந்ததால், ஒரு முறை உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அழைப்பு இல்லாதவர்கள்

இப்போது மூடிய கதவுக்கு வருவோம்.

1881-ல் இங்கிலாந்தில் பெண் டாக்டர்கள் இருந்தார்கள். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1865-லேயே தொழில் செய்யும் தகுதி பெற்றுவிட்டார். 1874 முதல் பெண்களுக்கென்றே லண்டனில் ஒரு மருத்துவப் பள்ளியும் நடந்துவந்தது. படித்து, தேர்வெழுதி, சட்டப்படி பதிவும் செய்துகொண்டவர்கள். ஆனால், மாநாட்டுக் குழு கூடிப் பேசி, பெண்களுக்கு அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது. பெண் மருத்துவர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முடிவு மாறவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மாநாட்டின் புரவலரே ஒரு பெண். விக்டோரியா மகாராணி! பெண்கள் மருத்துவம் படிப்பது மகாராணிக்குப் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். விருந்தினர்களைத் தன் மாளிகைத் தோட்டத்துக்கு அழைத்துப் பெரிய உபசாரம் செய்தவரும் ஒரு பெண்தான், பர்டெட்-கூட்ஸ் சீமாட்டி. அந்தத் தோட்ட விருந்தை ஓவியமாகவும் தீட்டி வைத்திருக்கிறார்கள். புரவலராகப் பெண் இருக்கலாம், விருந்து கொடுக்கப் பெண் இருக்கலாம். டாக்டராக மட்டும் உள்ளே வரக் கூடாது.

இதனால் மருத்துவத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. கோச்சின் ஜெலட்டின் தட்டில் ஒரு குறை இருந்தது. உடம்புச் சூட்டில் வைத்தால் உருகிவிடும். கோடையிலும் கூழாகிவிடும். கோச்சிடம் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே என்பவர் இதனால் தவித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஃபேனி, வீட்டில் செய்யும் ஜெல்லி மட்டும் எந்த வெயிலிலும் உருகுவதில்லையே என்பதைக் கவனித்தவர். காரணம், அதில் அவர் சேர்த்தது அகர்-அகர். நம் ஊரில் ரம்ஜான் சமயத்தில் கடற்பாசி இனிப்பு செய்கிறார்களே, அதேதான். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அறிமுகக்காரர்கள் மூலம் ஃபேனிக்குக் கிடைத்த சமையல் குறிப்பு. அதை ஆய்வுக்கூடத்திலும் போட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். பிரச்னை தீர்ந்தது. 1882 கட்டுரையில் கோச் அகரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்றைக்கும் உங்கள் ரத்தத்தையோ சளியையோ லேப்பில் ‘கல்ச்சர்’ வைக்கிறார்கள் என்றால், அந்தத் தட்டில் இருப்பது பெரும்பாலும் அகர்தான்.

வாணவேடிக்கை முடிந்த பிறகு

மாநாட்டின் கடைசியில் கிரிஸ்டல் பேலஸில் விருந்தும் வாணவேடிக்கையும் நடந்தன. பிறகு எல்லாரும் ரயிலேறி, கப்பலேறிப் போய்விட்டார்கள். மெக்கார்மக்குக்கு வேலை முடியவில்லை. அத்தனை உரைகளையும் விவாதங்களையும் திரட்டி நான்கு பெரிய தொகுதிகளாக அதே வருடம் அச்சுக்குக் கொண்டுவந்தார். கையால் கோத்த அச்சு, மூன்று மொழிகள், நான்கே மாத அவகாசம். அந்த வருடமே அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. நியாயம்தான்!

ஒன்பது வருடம் கழித்து, 1890-ல், பத்தாவது மாநாடு பெர்லினில். அங்கும் கோச்தான் நட்சத்திரம். காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். நாட்டின் பெருமைக்காக மேலிடத்திலிருந்து வந்த அவசரமும் அதில் உண்டு. ஆனால், அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நோயாளிகள் பெர்லினை நோக்கிக் குவிந்தார்கள். நேரில் பார்க்கப் போன டாக்டர்களில், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும் ஒருவர். இதில் சந்தேகம் இருக்கிறது என்று முதலில் எழுதியவர்களில் அவரும் சேர்த்தி. சந்தேகம் சரியாகப் போயிற்று. மருந்து குணப்படுத்தவில்லை. பலருக்கு நோய் மோசமானது; சிலர் இறந்தும் போனார்கள். அந்த ‘டியூபர்குலின்’ பின்னாளில் காசநோயைக் கண்டறியும் பரிசோதனைக்குத்தான் உதவியது.

அதே மனிதர்தான். லண்டனில் தட்டைத் திறந்து, இப்படிச் செய்யுங்கள் என்று எல்லாருக்கும் காட்டினார், உலகம் பயனடைந்தது. பெர்லினில் புட்டியை மூடி வைத்துக்கொண்டு நம்புங்கள் என்றார்; ஏமாற்றம் மிஞ்சியது.

லண்டனில் ஒரு மெட்ராஸ் டாக்டர்

கடைசியாக நம் ஊர் சங்கதி ஒன்று. 1881-ல் லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர்களில் மேரி ஷார்லீப் என்ற பெண்மணியும் ஒருவர். வக்கீலான கணவரோடு மெட்ராஸுக்கு வந்த இங்கிலாந்துக்காரர். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துப்போகும் கோஷாப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காதவர். 1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த நால்வரில் ஒருவர் இவர். லண்டன் மாநாடு பெண்களுக்குக் கதவடைப்பதற்கு ஆறு வருடம் முன்பே நம் சென்னையில் கதவு திறந்துவிட்டது என்பதைக் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

1878-ல் இங்கே தேறி, மேற்படிப்புக்கு லண்டன் போனார் மேரி. மாநாடு நடந்த வருடத்தில் அங்கேதான் மாணவி. அந்த மூவாயிரம் பேரோடு உட்கார அவருக்கும் இடம் கிடைத்திருக்காது. அடுத்த வருடம் லண்டன் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கத்தோடு பட்டம் பெற்றார். மெட்ராஸுக்குத் திரும்புமுன் விக்டோரியா மகாராணியை நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தது. இந்தியப் பெண்கள் வைத்தியம் கிடைக்காமல் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். பெண் டாக்டர்களைப் பிடிக்காத அந்த மகாராணி உட்கார்ந்து கேட்டார். மனம் இளகினார்.

1885-ல் மெட்ராஸில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனை திறந்தது. நடத்தியவர் டாக்டர் மேரி ஷார்லீப். அதற்குச் சூட்டப்பட்ட பெயர் விக்டோரியா மகாராணியுடையது. மக்கள் வாயில் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறது. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அங்கே பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.